மரகதம் ஆகாமல் போன பச்சை: டயோப்டேஸின் கதை

ஒரு பச்சைக் கல் மரகதமா இல்லையா என்று தெரிந்துகொள்ள, சில நேரம் ஒரு நல்ல எஃகுக் கத்தியே போதும். மரகதத்தின் மேல் கத்தியால் கீறினால் ஒன்றும் ஆகாது. இந்தக் கட்டுரையில் வரும் கல்லின் மேல் கீறினால் கோடு விழும். அவ்வளவு எளிதான விஷயம். ஆனாலும் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கல்லைக் கையில் வாங்கியவர்கள் இது மரகதம்தான் என்று நம்பினார்கள். நம்ப வேண்டும்னு ஆசைப்பட்டார்கள் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

கல்லின் பெயர் டயோப்டேஸ். கனிமங்களைச் சேகரிப்பவர்களிடம் கேட்டால் கண் பளிச்சிட பேசுவார்கள். நகைக்கடைக்காரரிடம் கேட்டால் பெரும்பாலும் அவருக்குத் தெரிந்திருக்காது. ஒரே கல்லுக்கு ஏன் இப்படி இரண்டு முகம்? அதைத் தேடிப் போனபோது கிடைத்த குறிப்புகளைத்தான் இங்கே கோர்த்து வைக்கிறேன்.

தங்கக் குன்றில் கிடைத்த பச்சை

இன்றைய கஜகஸ்தானின் நடுப்பகுதியில், காரகண்டா வட்டாரத்தில், அல்தின்-தியூபே என்று ஒரு இடம் இருக்கிறது. பெயருக்கு 'தங்கக் குன்று' என்று பொருள். அங்கே கிடைத்தது தங்கம் இல்லை. சுண்ணாம்புப் பாறையின் பொந்துகளில், கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும், அடர்ந்த பச்சை நிறப் படிகங்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தன. புகாராவைச் சேர்ந்த ஆஷிர் என்ற வணிகர் மூலமாக இந்தக் கற்கள் ரஷ்யர்கள் கைக்கு வந்து சேர்ந்தன.

அந்தக் காலத்து ரஷ்யாவை நினைத்துப் பாருங்கள். அரண்மனையில் நகைகளுக்குக் குறைவில்லை. ஆனால் சொந்த மண்ணில் மரகதச் சுரங்கம் கிடையாது. உரால் மலைப் பகுதியில் மரகதம் கண்டுபிடிக்கப்பட்டது 1830ஐ ஒட்டித்தான். அதுவரை நல்ல மரகதம் என்றால் தென் அமெரிக்காவின் கொலம்பியாவில் இருந்து ஸ்பெயின்காரர்கள் கை வழியாக வர வேண்டும். அப்படி இருக்கும்போது புல்வெளிக்கு நடுவில் ஒரு குன்றில் பச்சைப் படிகம் கிடைக்கிறது என்றால் மனசு எங்கே போகும்?

ஏமாறுவதற்குக் கல்லும் நன்றாகவே ஒத்துழைத்தது. மரகதப் படிகம் ஆறு பட்டை உள்ள தூண் மாதிரி இருக்கும். டயோப்டேஸும் ஆறு பட்டைத் தூண்தான். உற்றுப் பார்த்தால் நுனியில் வித்தியாசம் தெரியும். மரகதத்தின் தலை பெரும்பாலும் தட்டையாக இருக்கும்; டயோப்டேஸின் தலை மூன்று சாய்ந்த முகங்களோடு கூராக முடியும். கடினம் 5தான், மரகதத்துக்கு 7.5 முதல் 8 வரை. எடையிலும் வேறுபாடு உண்டு. ஒரே அளவு தண்ணீரோடு ஒப்பிட்டால் மரகதம் சுமார் 2.7 மடங்கு கனம், டயோப்டேஸ் 3.3 மடங்கு கனம். இதெல்லாம் அளந்து பார்த்தால்தானே தெரியும். நிறத்தைப் பார்த்தவுடனே முடிவு எடுத்துவிட்டால் மற்றதை யார் அளப்பது?

பச்சை எல்லாம் மரகதம்தான்

இதற்காக அவர்களைக் கிண்டல் செய்யவும் முடியாது. பழைய உலகத்தில் 'மரகதம்' என்பதே ஒரு கனிமத்தின் பெயராக இருக்கவில்லை. கிரேக்கத்தில் ஸ்மராக்டோஸ், சமஸ்கிருதத்தில் மரகத, தமிழில் மரகதம். எல்லாம் ஒரே சொல் குடும்பம். கிரேக்கர்களும் ரோமர்களும் பலவகைப் பச்சைக் கற்களை இந்த ஒரே பெயரால் அழைத்தார்கள். முதலாம் நூற்றாண்டில் ரோமாபுரியின் பிளினி தன் 'இயற்கை வரலாறு' நூலில் இதில் பன்னிரண்டு வகைகளைச் சொல்கிறார். செம்புச் சுரங்கங்களில் கிடைப்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. எல்லாவற்றிலும் உயர்ந்தது சித்தியாவில் கிடைப்பது என்கிறார். சித்தியா என்றால் கருங்கடலுக்கு வடக்கிலும் கிழக்கிலும் விரிந்து கிடக்கும் புல்வெளி நாடு. பிளினியைப் படித்த ஒரு ஐரோப்பியருக்கு, ஆசியப் புல்வெளியில் மரகதம் கிடைத்தது என்ற செய்தி ஆச்சரியமாகவே இருந்திருக்காது.

நம்ம பக்கத்திலும் கதை வேறில்லை. பச்சையாக, பளபளப்பாக இருந்தால் வாய் தானாக 'மரகதம்' என்று சொல்லிவிடும். கோயில்களில் 'மரகதம்' என்று பெயர் பெற்ற சிலைகளை எல்லாம் கனிமவியல்படி சோதித்துப் பார்த்துப் பெயர் வைக்கவில்லை. அங்கே மரகதம் என்பது ஒரு மதிப்பைச் சொல்லும் சொல். அதில் தவறும் இல்லை. ஆனால் ஒரு கல் உண்மையில் என்ன என்று தெரிய வேண்டுமானால், அந்த மதிப்புச் சொல்லைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட வேண்டியிருக்கிறது. அதைச் செய்தவர் ஒரு பாதிரியார்.

உடைத்துப் பார்த்த பாதிரியார்

ரெனே ஜுஸ்ட் அவுயி 1743இல் பிரான்சில் ஒரு நெசவாளியின் மகனாகப் பிறந்தார். பாதிரியாராகவும் ஆசிரியராகவும் வேலை. செடி கொடிகளில்தான் முதலில் ஆர்வம். பிறகு படிகங்கள் பக்கம் வந்தார். அவரைப் பற்றி எப்போதும் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. நண்பர் வீட்டில் ஒரு கால்சைட் படிகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கை தவறிக் கீழே விழுந்து உடைந்துவிட்டதாம். சில்லுகளைப் பொறுக்கும்போது, உடைந்த துண்டின் முகங்கள் எல்லாம் ஒரே சாய்சதுர வடிவில் இருப்பதைக் கவனித்தார். வீட்டுக்கு ஓடி, தன் சேகரிப்பில் இருந்த வேறு வேறு வெளி வடிவம் கொண்ட கால்சைட் கற்களையும் உடைத்தார். எல்லாவற்றுக்குள்ளும் அதே சாய்சதுரம்.

இதிலிருந்து அவர் பிடித்த கருத்து இதுதான்: படிகத்தின் வெளித்தோற்றம் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம், உள்ளே ஒரே மாதிரியான சின்னஞ்சிறு அடுக்குக் கற்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன, படிகம் எந்தத் தளத்தில் பிளக்கிறதோ அந்தத் தளம் உள் அமைப்பைக் காட்டிக்கொடுக்கிறது. அணு என்ன, எக்ஸ்ரே என்ன என்று எதுவுமே தெரியாத காலத்தில் இது பெரிய பாய்ச்சல்.

பிரெஞ்சுப் புரட்சி வந்தது. புதிய அரசு கேட்ட உறுதிமொழியை எடுக்க மறுத்த பாதிரியார்களில் அவரும் ஒருவர். 1792 ஆகஸ்டில் சிறையில் அடைத்தார்கள். அங்கேயும் தன் படிகங்களைக் கொண்டுவரச் சொல்லி வேலையைத் தொடர்ந்தார் என்பார்கள். அவருடைய இளம் மாணவர் எத்தியென் ஜொஃப்ருவா செந்திலேர் அலைந்து திரிந்து அவரை வெளியே கொண்டுவந்தார். சில வாரங்கள்கூட ஆகவில்லை, செப்டம்பர் தொடக்கத்தில் பாரிஸ் சிறைகளில் இருந்த பாதிரியார்கள் பலர் கூட்டமாகக் கொல்லப்பட்டார்கள். அந்த மாணவர் கொஞ்சம் சுணங்கியிருந்தால் இந்தக் கட்டுரையின் மீதிக் கதையே வேறு.

அடைப்புக்குறிக்குள் சொல்ல வேண்டிய ஒரு தகவல்: இவருடைய தம்பி வாலென்டின் அவுயிதான் 1780களின் நடுவில் பாரிஸில் பார்வையற்றோருக்கான பள்ளியைத் தொடங்கியவர். பின்னாளில் லூயி பிரெய்ல் படித்தது அந்தப் பள்ளியில்தான். அண்ணன் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் நம்பாதே என்று கல்லை உடைத்துக்கொண்டிருந்தார். தம்பி கண் இல்லாமலும் படிக்கலாம் என்று எழுத்துகளைத் தடவிப் பார்க்கும்படி அச்சடித்துக்கொண்டிருந்தார்.

1797இல் அவுயி அல்தின்-தியூபே கல்லைத் தனிக் கனிமம் என்று அறிவித்தார். பெயர் வைக்கும்போது நிறத்தை அவர் எடுத்துக்கொள்ளவே இல்லை. கிரேக்கத்தில் 'தியா' என்றால் ஊடாக. அதோடு பார்ப்பதைக் குறிக்கும் சொல்லைச் சேர்த்து 'டயோப்டேஸ்'. தமிழில் சொன்னால் 'ஊடே தெரிவது'. ஏன் அந்தப் பெயர்? இந்தப் படிகத்தை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினால், அது எந்தத் தளங்களில் பிளக்குமோ அந்தத் தளங்கள் உள்ளுக்குள்ளேயே மினுமினுப்பாகத் தெரியும். உடைக்காமலேயே உடையும் கோடுகள் தெரிகிற கல். உடைத்து உடைத்துப் படித்த மனிதருக்கு இதைவிட நல்ல பரிசு என்ன இருக்க முடியும்?

பிரித்தவரே சேர்த்தும் வைத்தார்

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அடுத்து வருவதுதான். டயோப்டேஸை மரகதத்திடம் இருந்து பிரித்த அதே காலகட்டத்தில், அவுயி இன்னொரு வேலையும் பார்த்தார். வெளிறிய நீலமும் பச்சையுமாக இருக்கும் பெரில் என்ற கல்லும் மரகதமும் அளவெடுத்துப் பார்த்தால் ஒரே படிக அமைப்பு. இரண்டும் ஒன்றாக இருக்குமோ என்ற சந்தேகத்தை வேதியியலாளர் நிகோலா லூயி வோக்லனிடம் சொன்னார். வோக்லன் 1798இல் பகுத்துப் பார்த்தார். இரண்டும் ஒன்றே என்பது உறுதியானது. அந்தச் சோதனையில்தான் பெரிலியம் என்ற தனிமம் இருப்பதும் தெரியவந்தது.

அப்படியானால் மரகதத்துக்கு மட்டும் அந்தப் பச்சை எங்கிருந்து வந்தது? அதற்கு முந்தைய வருடம்தான் வோக்லன் சைபீரியாவின் செந்நிற ஈயத் தாது ஒன்றிலிருந்து குரோமியத்தைக் கண்டுபிடித்திருந்தார். அதே குரோமியம் மரகதத்தில் துளியளவு கலந்திருந்தது. அந்தத் துளிதான் பச்சை. டயோப்டேஸின் பச்சைக்குக் காரணம் வேறு: செம்பு. அது துளியாகக் கலந்த அழுக்கு இல்லை. கல்லின் உடம்பே செம்பும் சிலிக்காவும் நீரும்தான்.

ஆக, ஒரே நிறத்தில் இருந்த இரண்டு கற்கள் வேறு வேறு என்றும், வேறு வேறு நிறத்தில் இருந்த இரண்டு கற்கள் ஒன்று என்றும் ஓரிரு வருட இடைவெளியில் தெரிந்துபோனது. நிறத்தை நம்பி நடந்த கனிமவியல் அதோடு முடிவுக்கு வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆட்டம் கண்டது என்று தாராளமாகச் சொல்லலாம்.

இன்னொரு திருப்பமும் இருக்கு. 20ஆம் நூற்றாண்டில் எக்ஸ்ரே கொண்டு படிகங்களின் உள்ளே அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று பார்க்க முடிந்தது. மரகதத்தின் உள்ளே ஆறு சிலிக்கன் அணுக்கள் ஆக்சிஜனோடு சேர்ந்து வளையம் வளையமாக நிற்கின்றன. டயோப்டேஸிலும் அதே ஆறு பேர் கொண்ட வளையம்தான். கொஞ்சம் நெளிந்து, செம்பாலும் நீராலும் இணைந்து நிற்கிறது. புகாரா வணிகரின் கற்களை மரகதம் என்று நினைத்தவர்கள் தவறான காரணத்துக்காக ஒரு தூரத்து உறவைக் கண்டுபிடித்திருந்தார்கள்!

பெயர் வைப்பதற்கு ஒன்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன்

டயோப்டேஸ் என்ற பெயருக்கு வயது இருநூற்றுச் சொச்சம். ஆனால் அந்தப் பச்சையை மனிதர்கள் பயன்படுத்தியது அதைவிட மிகப் பழைய கதை.

ஜோர்டான் தலைநகர் அம்மானின் ஓரத்தில் ஐன் கசல் என்ற புதிய கற்கால ஊர் இருந்தது. 1970களில் சாலை போடும்போது வெளிப்பட்டது. 1983இலும் 1985இலும் அங்கே இரண்டு குழிகளில் சுண்ணாம்புச் சாந்தால் செய்த மனித உருவங்கள் கிடைத்தன. நாணல் கட்டுகளின் மேல் சாந்து பூசிச் செய்தவை. பெரியவை ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம். வயது சுமார் 9,000 ஆண்டு. வேண்டுமென்றே, ஒழுங்காக அடுக்கிப் புதைத்திருந்தார்கள். அகலத் திறந்த அந்தக் கண்களைப் படத்தில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கண்ணின் கறுப்பு நிலக்கீல். சில உருவங்களில் கண்ணோரத்தில் மெல்லிய பச்சைக் கோடு. அந்தப் பச்சையைச் சோதித்தபோது டயோப்டேஸ் என்று தெரிந்தது.

ஏன் பச்சை? சிலையைச் செய்தவர்கள் எழுதி வைக்கவில்லை. எழுத்தே பிறக்காத காலம். ஆனால் சூழலைப் பார்க்கலாம். அந்த நிலப்பகுதியில் விவசாயம் தொடங்கிய காலத்தை ஒட்டித்தான் பச்சைக் கல் மணிகள் பெருகுகின்றன. அதற்கு முந்தைய மணிகளில் வெள்ளை, சிவப்பு, மஞ்சள், பழுப்பு, கறுப்பு எல்லாம் உண்டு. டேனியல்லா பார்-யோசெஃப் மேயர், நவோமி போராத் என்ற இரு ஆய்வாளர்கள் 2008இல் இதை எடுத்துக்காட்டி, பச்சை என்பது இளந்தளிரின் நிறம், விளைச்சலையும் வளத்தையும் காக்கும் நிறமாக அது மதிக்கப்பட்டிருக்கலாம் என்று வாதிட்டார்கள். பிற்காலத்து எகிப்தியரும் கண்ணைச் சுற்றி மலக்கைட் என்ற செம்புப் பச்சையைத்தான் தீட்டிக்கொண்டார்கள்.

இதோடு நான் ஒரு புவியியல் விஷயத்தைச் சேர்த்துப் பார்க்கிறேன். டயோப்டேஸ் பெரும்பாலும் வறண்ட நிலத்தின் கல். செம்புத் தாது பூமியின் மேல்பகுதியில் காற்றும் நீரும் பட்டு மெல்ல மெல்லச் சிதையும்போது, கரைந்த செம்பு சிலிக்காவோடு சேரக் கிடைக்கும் இடங்களில் உருவாகிறது. கஜகப் புல்வெளி, நமீபியா, அரிசோனா, ஜோர்டான் என்று அது கிடைக்கும் இடங்களை வரிசைப்படுத்திப் பாருங்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் பழுப்பும் சாம்பலுமாக இருக்கும் ஊர்கள். மழை வந்தால்தான் பச்சை. அந்த ஊரில் மழை இல்லாமலே, வாடாமல் நிற்கும் ஒரு பச்சை பாறைக்குள் இருந்தால், அதைக் கொண்டுபோய்க் கண்ணில் வைக்கத் தோன்றாதா?

இப்போது விற்கப்படும் அர்த்தங்கள்

இன்று டயோப்டேஸ் என்று இணையத்தில் தேடினால் முதலில் வருவது வரலாறு இல்லை, இதயச் சக்கரம். 'பண்டைய இந்திய ஞானிகள் போற்றிய பச்சைக் கல், அநாகதத்தைத் திறக்கும்' என்ற மாதிரி விளம்பரங்கள். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

நவரத்தினங்களில் புதனுக்கு உரியது மரகதம். டயோப்டேஸ் அந்தப் பட்டியலில் இல்லை. அடுத்தது சக்கரம். 16ஆம் நூற்றாண்டின் 'ஷட்சக்ர நிரூபணம்' ஆறு சக்கரங்களை விரிவாகச் சொல்லும் நூல். அதில் அநாகதத்தின் இதழ்களுக்குச் சொல்லப்படும் நிறம் பந்தூகம் என்ற செந்நிறப் பூவின் நிறம். பச்சை இல்லை. கீழிருந்து மேல் வரை வானவில் வரிசையில் சக்கரங்களுக்கு நிறம் கொடுத்து, நடுவில் வரும் இதயத்துக்குப் பச்சை என்று வைத்தது 20ஆம் நூற்றாண்டில் மேற்கில் பரவிய வழக்கம். அந்தப் பச்சைக்குப் பொருத்தமாகக் கடையில் இருந்த பச்சைக் கற்கள் வந்து சேர்ந்துகொண்டன.

நம்பிக்கை வைப்பது அவரவர் விருப்பம். புது அடையாளங்கள் பிறப்பதிலும் தப்பில்லை. ஐன் கசல்காரர்களும் ஒரு நாள் புதிதாகத்தானே தொடங்கியிருப்பார்கள். பழசு என்று பொய் சொல்லி விற்பதுதான் உறுத்துகிறது. ஒரு விஷயம் மட்டும் கண்டிப்பாக: கல்லை ஊறவைத்த தண்ணீரைக் குடிக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். டயோப்டேஸ் செம்பு நிறைந்த கல், அமிலம் பட்டால் கரையக்கூடியது. அந்த வேலை வேண்டாம்.

குறையே மதிப்பானது

நகைக்கு டயோப்டேஸ் லாயக்கில்லை என்பதற்குக் காரணம் அவுயி பெயர் வைத்த அதே குணம்தான். பிளவுத் தளங்கள் அவ்வளவு சுத்தமாக இருப்பதால், பட்டை தீட்டும்போதே பிளந்துவிடும். மோதிரத்தில் வைத்தால் தினசரி உரசலிலேயே தேய்ந்துபோகும். அதனால் யாரும் வெட்டிச் சின்னாபின்னம் ஆக்காமல் விட்டார்கள். பாறையில் வளர்ந்தபடியே படிகம் பிழைத்தது. சேகரிப்பாளர்கள் தேடுவது அதைத்தான்.

அவர்கள் பெரிதும் விரும்புவது நமீபியாவின் சுமெப் சுரங்கத்து டயோப்டேஸ். வெள்ளைக் கால்சைட் மேல் பச்சைப் படிகங்கள். சுமெப்பில் ஆரம்பத்தில் ஒரு பச்சைக் குன்றே வெளியில் தெரிந்ததாம். ஜெர்மானியர்கள் வருவதற்கு முன்பே உள்ளூர் மக்கள் அங்கே செம்புத் தாது எடுத்து வந்தார்கள். பிறகு குடியேற்ற ஆட்சி வந்தது. கடற்கரையில் இருந்து சுமெப்புக்கு 1903 முதல் 1906 வரை ரயில் பாதை போட்டார்கள். அதே வருடங்களில் ஹெரேரோ மக்கள் மேல் ஜெர்மன் படை இன அழிப்பு நடத்தியது. பிடிபட்ட ஹெரேரோ கைதிகளை அந்தப் பாதை போடும் வேலையில் கட்டாயமாக ஈடுபடுத்தினார்கள். சுரங்கம் 1996இல் மூடப்பட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பச்சைக்கு அடியில் இதுவும் இருக்கிறது.

சேகரிப்பாளர்கள் உலகில் கல்லோடு இருக்கும் சீட்டுக்கு மரியாதை அதிகம். கனிமத்தின் பெயர், கிடைத்த இடம். சீட்டு தொலைந்தால் கல்லின் மதிப்பும் குறையும். ஆனால் அந்தச் சீட்டில் யார் பெயர் வருகிறது, யார் பெயர் விடுபடுகிறது? ஒரு காலத்தில் இந்தக் கனிமத்துக்கு 'ஆஷிரைட்' என்ற பெயரும் வழங்கியது. கொண்டுவந்த அந்த வணிகரின் பெயரில். அவுயியின் பெயர் நிலைத்தது, ஆஷிரின் பெயர் பழைய புத்தகங்களோடு நின்றுவிட்டது. ஐன் கசல் மக்கள் இந்தப் பச்சையை என்ன சொல்லி அழைத்தார்கள் என்பதற்கு வழியே இல்லை. சுமெப் குன்றில் முதலில் தாது எடுத்தவர்களின் பெயர் எந்தச் சீட்டிலும் கிடையாது.

மரகதம் என்ற இரவல் பெயரில் இருந்து கல்லாவது தப்பித்துத் தன் பெயரை வாங்கிக்கொண்டது. எப்போதாவது ஒரு அருங்காட்சியகத்தில் டயோப்டேஸைப் பார்க்க நேர்ந்தால், நேராக நின்று 'அடடா, பச்சை' என்று சொல்லிவிட்டு நகராதீங்க. கொஞ்சம் பக்கவாட்டில் போய், தலையைச் சாய்த்துப் பாருங்க. உள்ளே மெல்லிசாகக் கோடு மின்னும். 1797இல் அவுயி பார்த்தது அதைத்தான்.